22,000 ரூபாய் ‘லண்டன் ஒரிஜினல்’ உங்களுக்குத் தேவையா?

கேள்வி: ஐயா, மும்பை செம்பூரில் வசிக்கிறேன். பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘அப்ஸ்க்யூர்ட் பை கிளவுட்ஸ்’ என்ற திரைப்பட இசை ஆல்பத்தை இசைத்தட்டாக வாங்க நெடுநாள் ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து பாட்டுக் கேட்கும் எங்கள் நண்பர்களுக்குள் இதைப் பற்றிப் பெரிய சண்டை. 2016இல் வந்த மறுவெளியீட்டில் எல்லாவற்றையும் ரீமிக்ஸ் செய்து கெடுத்துவிட்டார்கள், தொடாதே என்கிறான் ஒருவன். காசைக் கொட்டாதே, எல்லாம் ஒன்றுதான் என்கிறான் இன்னொருவன். சோர் பஜார் பழைய பொருள் சந்தையில் பழக்கமான ஒருவர், 1972ஆம் ஆண்டின் ‘லண்டன் ஒரிஜினல்’, சீல் கூடப் பிரிக்காதது, 22,000 ரூபாய்க்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பாதியை முன்பணமாகக் கேட்கிறார். என்னிடம் இருப்பது பெட்டி போல மூடிக்கொள்ளும் சிறிய பிளேயர். எதை வாங்கட்டும்?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள். மற்றதை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

உங்கள் முதல் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் சண்டை ஓய மாட்டேன் என்கிறது. 2016இல் வந்தவை இரண்டு தனித்தனிச் சரக்குகள். ஒன்று, 1965 முதல் 1972 வரையிலான பதிவுகளைத் திரட்டி வெளியிட்ட ‘தி இயர்லி இயர்ஸ்’ என்னும் பெரிய பெட்டி. அதில் 1972க்கு உரிய பகுதியில் இந்த ஆல்பம் புதிய கலவையாக (கலவை என்பது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒன்றுசேர்த்த விதம்), சிடி வடிவில், இருக்கிறது. மற்றது, குழுவின் சொந்த வெளியீட்டு நிறுவனமான பிங்க் ஃப்ளாய்ட் ரெக்கார்ட்ஸ் கொண்டுவந்த இசைத்தட்டு. நீங்கள் வாங்க நினைப்பது இதுதான். இதில் இருப்பது 1972இன் அதே பழைய கலவை. ஜேம்ஸ் கத்ரி, ஜோயல் பிளான்ட், பெர்னி கிரண்ட்மன் ஆகிய மூவர் அதை ரீமாஸ்டர் செய்திருக்கிறார்கள். ரீமிக்ஸ் என்றால் பருப்பு வேகவைப்பதிலிருந்து ஆரம்பித்துப் புதிதாகச் சாம்பார் வைப்பது. ரீமாஸ்டர் என்றால் கொதித்து முடிந்த சாம்பாரில் உப்புப் பார்த்து இறக்குவது. உங்கள் நண்பர் பெட்டியைப் பற்றிப் படித்ததைத் தட்டின் மேல் ஏற்றிவிட்டார். வெளியிட்டவர்கள் உறையின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. எந்த டேப்பிலிருந்து எடுத்தோம், இடையில் கணினி வந்ததா என்று உறையில் அச்சிடும் வழக்கம் இந்தத் தொழிலில் இன்னும் பரவலாக வரவில்லை. பிஸ்கட் பொட்டலத்தில் கோதுமை எவ்வளவு என்று போடுகிறார்கள், மூவாயிரம் ரூபாய்த் தட்டில் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது.

அந்தப் பழைய கலவையை ஏன் விடக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. பார்பெட் ஷ்ரோடர் இயக்கிய ‘லா வாலே’ என்ற படத்துக்காக, பாரிஸுக்கு வெளியே ஷாட்டோ தெரூவீல் என்ற பழைய மாளிகையில் இருந்த ஸ்டூடியோவில், 1972 பிப்ரவரியிலும் மார்ச்சிலுமாக இரண்டு முறை உட்கார்ந்து பதிவு செய்தார்கள். நடுவில் ஜப்பான் கச்சேரிகள் வேறு. அப்போது அடுத்த ஆல்பமான ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ பாடல்களும் கையில் பாதி வளர்ந்து நின்றன. படக் கம்பெனியோடு மனஸ்தாபம் ஏற்பட்டு, ஆல்பத்துக்குப் படத்தின் பெயரை வைக்காமல் வேறு பெயர் வைத்தார்கள். பிறகு படமே அந்தப் பெயரையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொண்டது. இந்த அவசரம் பாடல்களில் கேட்கும், முரட்டுத்தனமும் கேட்கும். அதைச் சீவிச் சிங்காரித்த கலவையை ஒருமுறை கேட்கலாம். வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியது 1972இன் கலவைதான் என்பது என் கட்சி. அந்தக் கலவை புதுத்தட்டிலேயே கிடைக்கும்போது பழைய தட்டைத் தேடி ஓட வேண்டிய கட்டாயம் இல்லை.

‘இடையில் டிஜிட்டல் வந்தால் உயிர் போய்விடும்’ என்று அடுத்த வாதம் வரும். வரட்டும். அமெரிக்காவின் மொபைல் ஃபிடலிட்டி நிறுவனம் விலை உயர்ந்த தட்டுகளை மூல டேப்பிலிருந்தே வெட்டுகிறது, அதாவது பாட்டை நேரே தட்டின் வரிகளாகச் செதுக்குகிறது, என்றுதான் உலகமே நம்பியது. 2022இல், பல வருடங்களாகவே இடையில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்திருக்கிறது என்று தெரியவந்து, வழக்கு நீதிமன்றம் வரை போனது. அதுவரை அந்தத் தட்டுகளின் ‘தூய அனலாக்’ (டிஜிட்டல் கலக்காத) ஒலியைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்த காதுகள் எங்கே போயின? காதை விட ஸ்டிக்கரை நம்பும் பழக்கம் நமக்கு. தட்டின் எடையைச் சொல்லும் ‘180 கிராம்’ என்பதும் அப்படித்தான். கனமான தட்டு எளிதில் வளையாது, கையில் எடுத்தால் கம்பீரமாக இருக்கும், அவ்வளவுதான். பாட்டின் தரம் வெட்டிய விதத்திலும் அச்சிட்ட சுத்தத்திலும் இருக்கிறது.

இனி உங்கள் சோர் பஜார் மனிதருக்கு வருவோம். ‘சீல் பிரிக்காத லண்டன் ஒரிஜினல்’ என்று அவர் சொன்னவுடனேயே நீங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்கத் தட்டுகள் பிளாஸ்டிக் தாள் சுற்றி வந்தன. பிரிட்டிஷ் தட்டுகள் பொதுவாக அப்படி வருவதில்லை. அங்கே கடைக்காரர்கள் வெறும் உறையை அடுக்கில் வைத்துவிட்டு, தட்டைக் கவுண்டருக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். ஆக, 1972இன் பிரிட்டிஷ் தட்டு ஆலைச் சீலோடு இருக்கிறது என்றால், சீல் போட்டது ஆலை இல்லை. பிளாஸ்டிக் தாளைச் சூடு காட்டிச் சுருக்கி ஒட்டும் கருவி பொட்டலம் கட்டும் கடைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. சீல் என்பது வாங்குகிறவனைத் தட்டைப் பார்க்கவிடாமல் செய்யும் வேலை. உள்ளே கீறல் விழுந்த தட்டு இருக்கலாம், வேறு தட்டே இருக்கலாம். ‘பிரித்தால் மதிப்புப் போய்விடும் சார்’ என்பார். பிரிக்காமல் வாங்கினால் உங்கள் பணம் போய்விடும்.

உறையின் முனைகளைக் காட்டுவார். முதல் பிரிட்டிஷ் வெளியீட்டின் உறை, முனைகள் மழுங்கி வட்டமாக வெட்டப்பட்டது. அது உண்மை. ஆனால் வட்ட முனை கத்தரிக்கோலாலும் வரும், உறை அசலாக இருந்து தட்டு அசலாக இல்லாமலும் போகும். உறையை விட்டுவிடுங்கள். தட்டை வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

பாட்டு முடிந்த பிறகு, நடுவில் ஒட்டிய காகித லேபிளைச் சுற்றி வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். கைபேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் அதில் பொறித்த எழுத்துகள் எழும்பி நிற்கும். இந்த ஆல்பத்தின் பிரிட்டிஷ் எண் எஸ்.எச்.எஸ்.பி. 4020. அந்த எண்ணும், பக்கத்தைக் காட்டும் எழுத்தும், எத்தனையாவது வெட்டு என்னும் எண்ணும் வரிசையாக இருக்கும். அது உங்கள் பக்கம் வரும்படி தட்டைப் பிடியுங்கள். இடது கைப்பக்கம் ஒரு சிறிய எண், வலது கைப்பக்கம் ஒன்றிரண்டு எழுத்துகள் தெரியும். இடது பக்கத்து எண் எந்த ‘தாய்’ அச்சு என்பதற்கு. வலது பக்கத்து எழுத்துகள், அந்தத் தாயிலிருந்து எடுத்துத் தட்டை அழுத்தி அடிக்கும் உலோக அச்சான ஸ்டாம்பர் எத்தனையாவது என்பதற்கு. இந்த ஆல்பத்தை வெளியிட்ட பிரிட்டிஷ் இசை நிறுவனமான இ.எம்.ஐ.யின் ஆலையில் எண்ணுக்குப் பதிலாகப் பத்து எழுத்துகளைப் பயன்படுத்தினார்கள்: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8, டி 9, கடைசி டி பூஜ்யம். இ.எம்.ஐ. குழுமத்தின் பிரிட்டிஷ் கிராமஃபோன் கம்பெனியின் ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த வரிசை அது. ஒன்பதுக்கும் பூஜ்யத்துக்கும் தமிழில் ஒரே எழுத்து வருகிறதே என்று குழம்ப வேண்டாம், தட்டில் அவை வேறு வேறு ஆங்கில எழுத்துகள். இந்த இரண்டு இடங்களும் வெறுமையாக இருந்தால், ‘லண்டன்’ என்று விற்கிறவரிடம் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நம் ஊரில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் ஏமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். இ.எம்.ஐ.யின் இந்தியக் கிளையான இந்திய கிராமஃபோன் கம்பெனி, கல்கத்தாவின் டம் டம் ஆலையில் வெளிநாட்டு ராக் ஆல்பங்களையும் அச்சிட்டது. அச்சிடத் தேவையான உலோக அச்சுகள் பல சமயங்களில் இங்கிலாந்திலிருந்தே வந்தன. அதனால் டம் டம் தட்டின் வெற்று வளையத்திலும் பிரிட்டிஷ் எண்ணே இருக்கும், வெட்டும் பிரிட்டிஷ் வெட்டாகவே இருக்கும். விற்பவர் வளையத்தை மட்டும் காட்டி, ‘பாருங்கள் சார், லண்டன் நம்பர்’ என்பார். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. லேபிளின் விளிம்பில் ஓடும் பொடி எழுத்தைப் படியுங்கள். இந்தியாவில் தயாரானது என்றோ இந்திய கிராமஃபோன் கம்பெனி என்றோ இருந்தால் அது டம் டம். அதற்காக அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். வெட்டு நன்றாக இருக்கும், விலையும் சகாயமாக இருக்க வேண்டும். ஆனால் பிளாஸ்டிக் தரம் அப்படி இப்படித்தான். அமைதியான இடங்களில் வறுபடும் சத்தம் கேட்கும். அதிலும் இந்த ஆல்பம், சிந்தசைசரின் ஒற்றை அடிநாதத்தோடு மெதுவாக ஆரம்பிக்கிற ஆல்பம். அந்த முதல் நிமிடத்தில் தட்டின் வண்டவாளம் எல்லாம் தெரிந்துவிடும். யாரிடம் பழைய தட்டு வாங்கினாலும் முதல் பக்கத்தின் முதல் நிமிடத்தையும், இரண்டாம் பக்கம் முடியும்போது வரும் பழங்குடி மக்களின் பாட்டையும் போட்டுக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். போட்டுக் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

ஜப்பான் அச்சு, அமெரிக்க அச்சு என்றெல்லாம் கேட்டு அடுத்த கடிதம் எழுதாதீர்கள். உங்களுக்கு அவை வேண்டாம்.

இன்னொரு வகைத் தரகர்கள், ‘லண்டனில் இருக்கும் மச்சான் பரிசாக அனுப்புவான், வரி கிடையாது’ என்று சொல்கிறவர்கள். 2019 டிசம்பரிலேயே அந்தக் கதவை மூடிவிட்டார்கள். ராக்கிக் கயிறுக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் தவிர, பரிசு என்ற பெயரில் சலுகை இல்லை. வரியும் தட்டின் விலைக்கு மட்டும் இல்லை. தபால் செலவு, காப்பீடு எல்லாவற்றையும் கூட்டி அதன் மேல் சுங்கம். சுங்கத்தையும் சேர்த்துக் கூட்டி அதன் மேல் ஜிஎஸ்டி. அதன் மேல் கூரியர்காரரின் ‘கையாளும் கட்டணம்’. ஐம்பது வயதான பழைய தட்டையும் நேற்று செய்த பொம்மையையும் ஒரே தராசில் வைக்கும் சட்டம் இது. இசைத்தட்டு என்றால் என்ன என்று சுங்க அலுவலக மேசையில் யாருக்கும் விளக்க முடியாது, நீங்களும் முயல வேண்டாம். ‘மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்கிறேன்’ என்பார் தரகர். வழியில் உடைந்தாலோ தொலைந்தாலோ அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான் இழப்பீடு வரும். மாட்டிக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியதும் உங்கள் பெயர், அவருடையது இல்லை.

2024இல் பிங்க் ஃப்ளாய்டின் பதிவு உரிமைகளை சோனி வாங்கியது. ‘இனி பழைய அச்சு கிடைக்காது, விலை ஏறப் போகிறது’ என்று இதை வைத்துச் சிலர் அவசரப்படுத்துகிறார்கள். காசு போட்டு வாங்கியவன் சரக்கைப் பரணில் போட்டுப் பூட்டுவானா? புதிது புதிதாக வெளியிட்டுக்கொண்டேதான் இருப்பான். அவசரம் வாங்குகிறவருக்கு இல்லை, விற்கிறவருக்கு.

இவ்வளவும் எழுதிவிட்டு உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். தம்பி, உண்மையான பிரச்சினை அந்தப் பெட்டி பிளேயர்தான். அந்த வகைப் பிளேயர்களில் இருக்கும் மலிவான செராமிக் ஊசி, தட்டின் மேல் ஐந்து கிராம் வரை எடையை அழுத்துகிறது. நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜ் (ஊசியோடு சேர்ந்த, அதன் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) இரண்டு கிராம் அளவில் வேலை செய்யும். 22,000 ரூபாய்த் தட்டை அந்தப் பெட்டியில் வைத்தால், அசலுக்கும் மறுவெளியீட்டுக்கும் உள்ள வித்தியாசம் காதில் விழாது, தட்டு தேய்வது மட்டும் நடக்கும். நீங்களும் நண்பர்களும் இத்தனை நாள் சண்டை போட்டது அந்தப் பிளேயரால் காட்டவே முடியாத ஒன்றைப் பற்றி.

ஆகவே பணத்தை இப்படிப் பிரியுங்கள். 2016 மறுவெளியீட்டைப் பில்லோடு, திருப்பித் தர வசதியுள்ள கடையில் வாங்குங்கள். காலா கோடாவில் ரிதம் ஹவுஸ் என்ற பழைய இசைக்கடை 2016இல் மூடிய பிறகு, நின்று நிதானமாகக் கேட்டு வாங்கும் கவுண்டர்கள் மும்பையில் அருகிவிட்டன. இருந்தாலும் பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மீதிப் பணத்தில், கார்ட்ரிட்ஜை மாற்றிக்கொள்ளவும் ஊசியைத் தாங்கும் கை (டோன் ஆர்ம்) தட்டை அழுத்தும் எடையைச் சரிசெய்யவும் வசதியுள்ள ஒரு சாதாரண டர்ன்டேபிள் வாங்குங்கள். மின்னணுக் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடில் ஊசி வாங்கினால் பெட்டியின் மேல் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். போலி ஊசிகள் தாராளம். உற்பத்தியாளரின் இந்திய விநியோகஸ்தர் பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

புதுத்தட்டு வந்ததும் அன்றைக்கே இரண்டு பக்கத்தையும் முழுவதும் கேளுங்கள். தட்டை மேசைக் கண்ணாடியின் மேல் வைத்து, விளிம்பு எழும்புகிறதா என்று பாருங்கள். நடு ஓட்டை மையத்தில் இல்லாவிட்டால், ஊசி போகும்போது டோன் ஆர்ம் இடம் வலமாக ஊசலாடும், நீண்ட சுரங்கள் அலை பாயும். இதில் எது இருந்தாலும் திருப்பித் தரும் கெடுவுக்குள் வீடியோ எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். ‘ஊசி பழகினால் சரியாகிவிடும்’ என்பார்கள். ஆகாது.