பராகுவே வரலாற்றில் 1869 ஏன் திருப்புமுனை?

பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே மூன்றும் சேர்ந்து பராகுவேயோடு நடத்திய போர் 1870இல்தான் முடிந்தது. பிறகு ஏன் 1869ஐப் பெரிதாகப் பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய பராகுவே சரிந்ததும் புதிய அரசு பிறந்ததும் அந்த ஓர் ஆண்டில்தான்.

ஜனவரியில் பிரேசில் படை தலைநகர் அசுன்சியோனுக்குள் புகுந்து சூறையாடியது. அதிபர் சோலானோ லோபஸ் பணியவில்லை. மலைப்பகுதிக்குப் பின்வாங்கிப் புதுப்படை திரட்டினார். திரட்ட ஆண்கள் ஏது? ஆகஸ்ட் 12இல் அவரது தற்காலிகத் தலைநகரான பிரிபெபுய் வீழ்ந்தது. 16ஆம் தேதி அகோஸ்டா நியூவில் எதிர்த்து நின்றவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். தூரத்திலிருந்து பெரியவர்களாகத் தெரியப் பொய்த்தாடி ஒட்டியிருந்தார்கள் என்பார்கள். பராகுவே இன்றும் அந்தத் தேதியில்தான் குழந்தைகள் தினம் அனுசரிக்கிறது. லோபஸை வீரநாயகனாக மட்டும் என்னால் பார்க்க முடியாததற்கு இந்த ஒரு நாளே போதும். பிள்ளைகள் என்று தெரிந்தும் வெட்டிச் சாய்த்தவர்களையும் மன்னிக்க முடியாது.

அகோஸ்டா நியூ சண்டைக்கு முந்தைய நாள்தான், அசுன்சியோனில் மூவர் கொண்ட இடைக்கால அரசு பதவியேற்றிருந்தது. அது லோபஸைச் சட்டவிரோதி என அறிவித்தது. அக்டோபரில் அடிமைமுறையை ஒழித்தது. 1870 மார்ச் 1இல் செரோ கோராவில் லோபஸ் கொல்லப்பட்டபோது, தலைநகரில் வேறோர் அரசு பல மாதங்களாக ஆண்டுகொண்டிருந்தது.