முறிந்த போல்ட், அறுந்த மரை: பழைய வண்டிச் சேசிஸ் பற்றிய கேள்வி பதில்

பெங்களூரில் பழைய வண்டிகளைப் பேணிவரும் தமிழ் நண்பர்கள் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) போல்ட்டுகள் குறித்துக் கேட்டவற்றுக்கு என் பட்டறை அனுபவத்திலிருந்து பதில் தருகிறேன்.

ஜெயநகரிலிருந்து: ஐயா, என் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் சேசிஸில் பற்றவைத்த நட்டுக்குள் போகும் போல்ட் ஒன்று இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முன்பு வேலை பார்த்த மெக்கானிக் அதில் 8 மி.மீ. போல்ட் போட்டிருந்தார். துளையைப் பெரிதாக்கி 10 மி.மீ. டேப் (மரை வெட்டும் கருவி) போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த 8 மி.மீ. போல்ட்தான் மரையை (திருகுப் புரியை) அறுத்திருக்கிறது. ஹெரால்டு, இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் வடிவமைப்பில் 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி என்பதால், அதன் மரைகள் பெரும்பாலும் அங்குலக் கணக்கிலான, நெருக்கமான மரை கொண்ட யுஎன்எஃப் வகையைச் சேர்ந்தவை. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ.; எனவே 8 மி.மீ. போல்ட் பார்வைக்கு அதே அளவாகத் தெரிவதோடு, தொடக்கத்தில் சற்றே கடித்துப் பிடிக்கவும் செய்யும். ஆனால் 5/16 யுஎன்எஃப்பில் அங்குலத்துக்கு 24 மரைகள். வழக்கமான 8 மி.மீ. போல்ட்டின் பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.25 மி.மீ., அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 20 மரைகள். ஸ்பேனர் போட்டு வலிந்து முறுக்கினால் பழைய மரை வழிந்துபோகாமல் என்ன செய்யும்?

பெரிய டேப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சேசிஸ் தகடு மெல்லியது. அதில் இரண்டு மூன்று மரைகளுக்கு மேல் நிற்காது. பிடிமானம் முழுவதும் பின்னால் உள்ள நட்டில்தான் இருக்கிறது. பழைய நட்டைக் கிரைண்டரால் அகற்றிவிட்டு, சரியான போல்ட்டைத் துளை வழியாகச் செலுத்தி, அதில் புது யுஎன்எஃப் நட்டை மாட்டி, நட்டு நேராக அமர்ந்திருக்கும் நிலையிலேயே பற்றவையுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள நட்டாக இருந்தால் பூச்சை முதலில் உரசி எடுத்துவிட வேண்டும்; அதன் புகை உடலுக்குக் கேடு. மரை அறுபடாமல் துருவும் பெயின்ட்டும் மட்டும் அடைத்திருக்கும் இடங்களில், நல்ல போல்ட் ஒன்றில் நீளவாக்கில் ஹேக்ஸா பிளேடால் காடி அறுத்து, எண்ணெய் விட்டு ஏற்றி இறக்கினாலே மரை சுத்தமாகிவிடும்.

ஹலசூரிலிருந்து: ஜீப்பின் சேசிஸில் போல்ட் தகட்டு மட்டத்தோடு முறிந்துவிட்டது. ஈஸி அவுட் போடலாமா ஐயா?

பதில்: ஈஸி அவுட் என்பது முறிந்த போல்ட்டில் துளையிட்டு, அதில் இறக்கித் திருப்பி எடுக்கும் கருவி. துருவில் இறுகிய போல்ட்டுக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை. கடினமான எஃகு என்பதால் அது சட்டென ஒடியும். ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் ஏறாது. துரு இளக்கும் எண்ணெயை இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு முறிந்த துண்டின்மேல் வாஷரையும் அதன்மேல் நட்டையும் வைத்து, மிக் வெல்டிங்கால் (கம்பி தானே ஊட்டப்படும் வெல்டிங்) நட்டின் உள்ளே நிரப்பிப் பற்றவையுங்கள். வெல்டிங் சூட்டில் போல்ட் விரிந்து, ஆறும்போது சுருங்குவதால் துருவின் பிடி விடுபடும். ஓரளவு ஆறியபின் ஸ்பேனரால் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்து எடுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றவும், பெட்ரோல் குழாயையும் பிரேக் குழாயையும் அருகிலிருந்து விலக்கவும் தவற வேண்டாம்.

மல்லேஸ்வரத்திலிருந்து: பெட்டிச் சட்டத்துக்குள் (நாற்புறமும் மூடிய சட்டம்) இருக்கும் நட்டு, போல்ட்டோடு சேர்ந்தே சுற்றுகிறது.

பதில்: போல்ட் தலையை வெட்டிவிடுங்கள். அருகில் வேறு துளை இருந்தால், நட்டுப் பற்றவைத்த கனமான தகட்டுத் துண்டு ஒன்றைக் கம்பியில் கட்டி அதன் வழியே உள்ளே இழுத்து இருத்தலாம். துளை இல்லையென்றால், பக்கவாட்டில் சிறு சன்னல் அறுத்து, வேலை முடிந்ததும் அதே தகட்டால் மூடிப் பற்றவைப்பதே நேர்மையான வழி.

யஷ்வந்தபுரத்திலிருந்து: அம்பாசடர் சேசிஸில் ஹெலிகாயில் போடலாமா?

பதில்: அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியும் சட்டமும் ஒன்றே. ஹெலிகாயில் என்பது அறுந்த மரைக்குப் பதிலாகத் துளைக்குள் செருகும் கம்பிச்சுருள்; அது எஞ்சின் பாகங்களைப் போலக் கனமான உலோகத்துக்கு உரியது. மெல்லிய தகட்டில் அது பிடிக்க இடமிருக்காது. சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் தாங்கும் இடங்களில் ரிவ்நட்டையும் (ரிவிட் போலத் தகட்டில் இறுகும் நட்டு) நான் அனுமதிக்க மாட்டேன்.

சிவாஜிநகரிலிருந்து: அங்குலப் போல்ட்டுகளை இங்கே எங்கே தேடுவது?

பதில்: ஜே.சி. ரோட்டிலும் எஸ்.பி. ரோட்டிலும் மாதிரியைக் கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள். கடையிலேயே பிட்ச் கேஜ் (மரை இடைவெளியை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள், தலைக்குறியையும் கவனியுங்கள். மூன்று கோடுகள் இருந்தால் கிரேடு (வலிமைத் தரம்) 5, ஆறு கோடுகள் இருந்தால் கிரேடு 8. 8.8 என்று பொறித்திருந்தால் அது மில்லிமீட்டர் போல்ட். யுஎன்எஃப் துளைக்கு ஆகாது.