கதிர் வராத புல்லை எப்படி அடையாளம் காண்பது?

காட்டில் நிற்கும் நாட்டுப் புற்களைப் படத்தோடு ஒப்பிட்டால் எல்லாமே ஒன்றுபோல் தெரிகின்றன, எதை வைத்துப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நின்றபடி பார்த்தால் எனக்கும் அப்படித்தான். குனிந்து ஒரு தண்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

தாராபுரம் பக்கம் எங்களுக்குக் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், உண்டு. கிளுவை வேலி, அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். "தண்டை விரல்ல உருட்டிப் பாரு சாமி" என்று அப்பிச்சிதான் (அம்மாவின் அப்பா) முதலில் சொல்லிக்கொடுத்தார். உருண்டு, கணு தட்டுப்பட்டால் புல். கணுவே இல்லாமல் மூன்று பட்டையாக விரலில் நின்றால் கோரை. அது புல் குடும்பமே அல்ல.

அப்புறம், இலை தண்டை விட்டுப் பிரிகிற இடுக்கு. இலையை மெல்லப் பின்னால் வளைத்தால் உள்பக்கம் சின்னச் சவ்வோ மயிர் வரிசையோ தெரியும். அதுதான் புல்லின் நாக்கு. கதிர் இல்லாத நாளில் நான் நம்புவது இதைத்தான். நெல் வயலில் இளம் பயிரும் குதிரைவாலிப் புல்லும் அச்சு அசலாக நிற்கும். நெல்லுக்கு வெள்ளைச் சவ்வாக நீண்ட நாக்கும், பக்கத்தில் காது மாதிரி மயிர் வைத்த சின்ன மடலும் இருக்கும். குதிரைவாலிப் புல்லுக்கு இரண்டும் கிடையாது, இடுக்கு மொழுக்கென்று இருக்கும். கொழுக்கட்டைப் புல்லுக்கு நாக்கே மயிர் வரிசைதான்.

கதிர் வந்துவிட்டால் சுலபம். அருகுக்கும் காக்காய்க்கால் புல்லுக்கும் கதிர் விரல் விரித்தாற்போல் ஒரே இடத்திலிருந்து கிளம்பும். அருகின் விரல்கள் மெல்லியவை. மற்றதில் தடித்திருக்கும், ஒவ்வொரு விரலின் நுனியிலும் காம்பு முள்போல நீட்டிக்கொண்டிருக்கும்.

கொழுக்கட்டைப் புல்லின் கதிரை உருவினால் மயிர்ப் பொதிகள் கையோடு வந்துவிடும், நடுக்காம்பு மட்டும் நெளிநெளியாக நிற்கும். அதிலேயே இரண்டு வகை உண்டு. பொதியின் மயிர் மெத்தென்று நீளமாக, அடிவரை தனித்தனியாக இருந்தால் ஒன்று. குட்டையாக, சொரசொரவென்று, அடியில் கிண்ணம்போல ஒட்டியிருந்தால் மற்றது. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று சட்டைப் பையில் இருந்தால் இதைப் பார்த்துவிடலாம்.

ஊசிப்புல்லை யாரும் தவறவிட முடியாது. முதிர்ந்த கதிரில் கறுத்த வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். ஈரம் பட்டதும் அந்த முறுக்கு அவிழ்ந்து சுழன்று விதையை மண்ணுக்குள் இறக்கும். ஆட்டின் ரோமத்தில் ஏறினால் தோலையே துளைத்துவிடும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு, கதிர் தள்ளும் சமயத்தில் போய்ப் பாருங்கள். படம் எடுப்பதானால் நாக்கு ஒன்று, கதிர் ஒன்று, தூர் ஒன்று என்று தனித்தனியாக எடுங்கள். தூரோடு மட்டும் பிடுங்க வேண்டாம், ஒரு தண்டு போதும். அது மாடு மேய வேண்டிய புல்.