ஒரே பதவிப் பெயர், வேறு வேறு சம்பளம்: நிதிப் பகுப்பாய்வாளர் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி (உவர்மலை): வணிகக் கற்கைகளில் பட்டம் பெற்றுள்ளேன். கொழும்பிலுள்ள பங்குத் தரகு நிறுவனம் ஒன்றும், திருகோணமலையிலுள்ள லீசிங் கம்பனிக் கிளை ஒன்றும் ‘நிதிப் பகுப்பாய்வாளர்’ என்ற பெயரிலேயே வேலை தர முன்வந்துள்ளன. சம்பளத்தில் மட்டும் பெரிய இடைவெளி. ஏன்?

பதில்: பெயர் ஒன்று, வேலை ஒன்றல்ல. லீசிங் கிளையில் நீங்கள் பெரும்பாலும் கடன் மதிப்பீடுதான் செய்வீர்கள். முச்சக்கர வண்டிக்கோ படகு எஞ்சினுக்கோ கடன் கேட்டு வருபவரின் வருமானத்தைப் பார்த்து, தலைமை அலுவலகம் வகுத்துத் தந்த அளவுக்குள் அவர் அடங்குகிறாரா என்று குறிப்பெழுதுவீர்கள். முடிவு உங்களுடையதல்ல. தரகு நிறுவனத்திலோ, உங்கள் அறிக்கையை நம்பி ஒரு வாடிக்கையாளர் பல கோடி ரூபாவுக்குப் பங்குகளை வாங்கவோ விற்கவோ கூடும். அதில் கிடைக்கும் தரகுப் பணத்திலிருந்தே உங்கள் சம்பளமும் போனஸும் வருகின்றன. பகுப்பாய்வாளரின் கணிப்பு எவ்வளவு பணத்தை அசைக்கிறது என்பதைப் பார்த்தே துறைகள் சம்பளம் நிர்ணயிக்கின்றன என்பது என் அனுபவம். ஆகவேதான் முதலீட்டு வங்கிகளும் நிதிய முகாமைத்துவ நிறுவனங்களும் மேலே நிற்கின்றன; வங்கிகளின் திறைசேரிப் பிரிவும் (வங்கியின் சொந்தப் பணத்தையும் வெளிநாட்டு நாணயத்தையும் கையாளும் பிரிவு) பெருங்கடன் பிரிவும் அடுத்து வருகின்றன; காப்புறுதியும் உற்பத்தித் தொழிலும் அதற்குக் கீழே, ஆனால் ஆட்டங்குறைந்த தளத்தில் இருக்கின்றன.

கொழும்பில் இன்னொரு வகையும் உண்டு. அக்குவிட்டி நொலெட்ஜ் பார்ட்னர்ஸ் போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டு முதலீட்டு வங்கிகளுக்கான ஆய்வுப் பணியை இங்கிருந்து செய்து கொடுக்கின்றன. அவற்றின் வருமானம் வெளிநாட்டு நாணயத்தில் வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது, ரூபாவில் உழைத்த கம்பனிக்கும் டொலரில் உழைத்த கம்பனிக்கும் சம்பளம் கொடுக்கும் திராணியில் இருந்த வேறுபாடு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தரகு நிறுவனத்தை ஏற்கலாம் என்றே சொல்வேன். ஆனால் அவர்கள் சொன்ன தொகையில் போனஸ் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள், ஏனெனில் சந்தை படுத்தால் போனஸும் படுத்துவிடும். போர்டிங் வாடகையையும் இரண்டு வேளைக் கடைச் சாப்பாட்டையும் கழித்துப் பார்த்த பிறகு மிஞ்சும் இடைவெளியே உண்மையான இடைவெளி.

கேள்வி (கிண்ணியா): திருகோணமலைச் சீனக்குடாவில் இத்தனை பெரிய தொழிற்சாலைகள் இருந்தும், இங்கே பகுப்பாய்வாளர் வேலைக்கு ஏன் விளம்பரமே வருவதில்லை?

பதில்: புகைபோக்கி இங்கே, பேரேடு அங்கே. டோக்கியோ சீமெந்து இங்கே அரைக்கப்படுகிறது. லங்கா ஐஓசியின் எண்ணெய்த் தாங்கிகள் இங்கே நிற்கின்றன. இரண்டுமே கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகள், இரண்டின் தலைமை அலுவலகங்களும் கொழும்பில்தான். பாதீடு, கடன் பெறல், விலை நிர்ணயம், முதலீட்டாளருக்கு விளக்கமளித்தல் ஆகிய யாவும் அங்கே நடப்பதால், இங்கே எஞ்சுவது கிரயக் கணக்கும் களஞ்சியக் கணக்கும். (சீனக்குடாவை ஒருமுறைகூட எட்டிப் பாராமல் சீமெந்துக் கம்பனியைப் பற்றி முப்பது பக்கம் எழுதியவர்களை நான் அறிவேன்.) இருந்தாலும் அந்தக் கிரயக் கணக்கைத் தாழ்வாக நினைக்காதீர்கள். ஆலைத் தளத்தில் இரண்டு ஆண்டு இருந்து, ஒரு மூட்டைக்கு என்ன செலவாகிறது என்று விரல்நுனியில் வைத்திருப்பவர் பின்னர் கொழும்புக்கு விண்ணப்பிக்கும்போது, பாடநூல் மட்டும் படித்தவரை விடக் கூடுதலாகக் கேட்க முடியும்.

கேள்வி (நிலாவெளி): மாதம் 250,000 ரூபா என்று எழுதித் தந்துள்ளார்கள். கையில் எவ்வளவு வரும்?

பதில்: முழுத் தொகைக்கும் ஊழியர் சேமலாப நிதி பிடிக்கப்படுவதாகக் கொள்வோம். உங்கள் பங்கு 8 சதவீதம், அதாவது 20,000 ரூபா. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வரி விதிகளின்படி மாதம் 150,000 ரூபா வரை வரி இல்லை. மிகுதி 100,000 ரூபாவில் முதல் 83,333 ரூபாவுக்கு 6 சதவீதமும் எஞ்சியதற்கு 18 சதவீதமும் அறவிடப்படும். அது 8,000 ரூபா ஆகிறது. கையில் 222,000 ரூபா.

இதைவிட முக்கியமான விடயம் வேறு. தொழில்தருநர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் தன் பணத்திலிருந்து செலுத்த வேண்டும். சில நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கி, எஞ்சியதை எரிபொருள், போக்குவரத்து என்று பிரித்துக் காட்டுவது இந்தச் செலவைக் குறைக்கத்தான். இரண்டு கடிதங்களில் ஒரே தொகை இருந்தாலும், அடிப்படைச் சம்பளம் பெரிதாக உள்ள கடிதமே பெறுமதியானது.

கேள்வி (மூதூர்): டுபாய், சிங்கப்பூர், அமெரிக்கா: எங்கே அதிகம்?

பதில்: எண்ணை மட்டும் பார்த்தால் அமெரிக்கா. அங்கே 2023 மே மாதத்தில் நிதிப் பகுப்பாய்வாளரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் பெறும் தொகை) 99,890 டொலர் என்று அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் கணக்கிட்டது. அங்கும் பத்திரச் சந்தைத் துறையினர் காப்புறுதித் துறையினரை முந்தியே நிற்கிறார்கள். ஆனால் அது அங்கே வேலை செய்யும் அனுமதி உள்ளவருக்கான எண்.

சிங்கப்பூரில் துறை வேறுபாடு விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2025 ஜனவரி முதல், வெளிநாட்டுப் பட்டதாரிக்கான வேலை அனுமதிக்குப் பொதுவாக மாதம் 5,600 சிங்கப்பூர் டொலர் சம்பளம் இருக்க வேண்டும், நிதிச் சேவைத் துறையிலோ 6,200. வயது ஏற ஏற இந்த எல்லையும் ஏறும். டுபாயில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஓய்வூதியத்துக்குப் பதிலாக, வேலையை விட்டு விலகும்போது தரப்படும் பணிக்கொடை உண்டு: முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் 30 நாள். மேலே நிலாவெளி வாசகருக்குச் சொன்ன அடிப்படைச் சம்பள விடயம் அங்கேயும் பொருந்துவதைக் கவனியுங்கள். வீட்டு வாடகையை யார் கொடுக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் விமானச் சீட்டு எடுக்க வேண்டாம்.

கேள்வி (உப்புவெளி): வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு ஒப்பந்த அடிப்படையில் நிதி மாதிரிகள் (கம்பனியின் வரவு செலவை முன்கணிக்கும் கணக்குத் தாள்கள்) செய்து கொடுக்கிறேன். வரி உண்டா?

பதில்: 2025 ஏப்ரல் முதல் உண்டு. பணம் வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வந்தால் உச்ச வீதம் 15 சதவீதம். சாதாரணச் சம்பளக்காரருக்கு அது 36 வரை போகும். சேமலாப நிதியையும் நம்பிக்கை நிதியத்தையும் உங்களுக்காக எவரும் செலுத்தப் போவதில்லை என்பதால், தொழில்தருநர் செலுத்தியிருக்க வேண்டிய 12-உம் 3-உம் சேர்ந்த 15 சதவீதத்தையாவது கேட்கும் தொகையில் ஏற்றிக் கேளுங்கள்.

கேள்வி (திருக்கடலூர்): சிஎஃப்ஏ (பட்டய நிதிப் பகுப்பாய்வாளர்) தகைமையை முடித்தால் சம்பளம் உடனே கூடுமா?

பதில்: முதலீட்டுத் துறையில் இருந்தால் கூடும், லீசிங் கிளையில் இருந்தால் பாராட்டு கிடைக்கும். மூன்று கட்டப் பரீட்சைகளோடு, குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேர அனுபவமும் காட்டினால்தான் பட்டயம் கைக்கு வரும். முதற்கட்டத்தை முடித்துவிட்டு வேலையை மாற்றுங்கள், மிகுதியைப் புதிய இடத்திலிருந்து எழுதலாம். பரீட்சைக் கட்டணத்தைத் தாமே செலுத்தும் நிறுவனங்களும் கொழும்பில் இருக்கின்றன.