பல் செட் ஏன் கழல்கிறது? கேளுங்கள், சொல்கிறேன்

பல் செட் செய்யும் லேபில் 26 வருட வேலை. நான் பல் மருத்துவர் இல்லை, வலி, புண் என்றால் அவரிடம் போங்கள். செட்டின் பொருளைப் பற்றி என்னைக் கேட்கலாம். கேட்டவர்களைச் சிங்கப்பூரில் அவர்கள் இருக்கும் பேட்டையின் பெயரால் குறிக்கிறேன்.

ஈசூன்: அம்மாவின் மேல் செட் மூன்று வருடம் நன்றாக நின்றது. இப்போது பேசும்போதே விழுகிறது. மட்டமான பிளாஸ்டிக்கா?

பிளாஸ்டிக்கைத் திட்டாதீர்கள். மேல் செட்டைப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு எச்சிலுக்குத்தான். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பக்கவாட்டில் வழுக்கும், நேராக இழுத்தால் லேசில் வராது. அந்த மெல்லிய படலம்தான் வாயிலும் வேலை செய்கிறது, ஆனால் எச்சில் செட்டின் மேல் பரவினால்தான் உண்டு. செட் செய்யும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக் மேல் தண்ணீர்ச் சொட்டின் ஓரம் ஏறத்தாழ 70 டிகிரி கோணத்தில் உட்காரும், மெழுகு மேல் 100ஐத் தாண்டி முத்துப்போல நிற்கும். கோணம் குறைந்தால் நன்றாகப் பரவும். அக்ரிலிக் மோசமில்லை. பல் போன இடத்தில் ஈறுக்கு அடியில் உள்ள எலும்பு வருடாவருடம் தேயும், இடைவெளி கூடும், படலம் தடித்துப் பிடி போகும். ரீலைன், அதாவது இப்போதைய ஈறுக்குப் பொருந்த செட்டின் உள்பக்கத்தில் புதுப் பூச்சு, செய்யக் கேளுங்கள். வாய் வறட்சி இருந்தால் சளி, அலர்ஜி மாத்திரைகூடக் காரணமாகலாம், மாத்திரைப் பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

பிடோக்: சில பல் மட்டும் போனவருக்குச் செட் உலோகத்தில் நல்லதா, நைலானிலா?

மீதி எத்தனை பல், எந்த நிலையில் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. மருத்துவரைக் கேளுங்கள்.

தோ பாயோ: கொதிநீரில் ஊறவைத்தால் கிருமி சாகுமா?

செட் வளைந்துவிடும். வேண்டவே வேண்டாம்.

கிளமெண்டி: நான் வேதியியல் ஆசிரியர். வாயில் போட்ட சில நிமிடத்தில் எச்சில் புரதம் மேற்பரப்பை மூடிவிடும். அப்புறம் எந்தப் பொருளானால் என்ன? உங்கள் 70 டிகிரி வெறும் லேப் கணக்கு.

பாதி சரி சார். புரதம் மூடியதும் பொருள்களுக்கிடையே உள்ள வித்தியாசம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொட்டு பரவும்போது ஒரு கோணம், பின்வாங்கும்போது வேறு கோணம். செட் நிற்க, பரவிய எச்சில் ஒதுங்கக் கூடாது, அதனால் அந்த இரண்டாவது எண்ணையும் பார்க்க வேண்டும்.

கிளமெண்டி: அப்படியானால் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டிய வாயு, பாய்ச்சிக் கோணத்தைக் குறைத்துவிடலாமே?

பாய்ச்சலாம், குறையும். நாளாக ஆகக் கோணம் மறுபடி ஏறிவிடும், அதுதான் தொல்லை. நான் செய்வது எளிது: செட்டின் உள்பக்கத்தைக் குழாயடியில் காட்டிச் சாய்த்துப் பார்ப்பேன். தண்ணீர் விரிப்புப்போல மூடி வழியும், ஓரிடத்தில் மட்டும் கிழிந்து ஒதுங்கும். தடவிப் பார்த்தால் பழைய ஒட்டுப்பசையோ, பரோட்டா சால்னா எண்ணெயோ இருக்கும். சோப்பு, மென்மையான பிரஷ் போதும். பற்பசை போடாதீர்கள், கீறும்.

உட்லண்ட்ஸ்: வெந்நீரில் கழுவலாமா?

மேலே தோ பாயோவுக்குச் சொன்னதுதான்.

ஜூரோங்: கொதிநீர் இல்லை அண்ணே, ஃபிளாஸ்க் தண்ணீர்?

ஃபிளாஸ்கில் நேற்று ஊற்றியதா, இப்போது ஊற்றியதா? கையைச் சுட்டால் வேண்டாம். குழாய்த் தண்ணீரே போதுமே!