பெயிண்ட் அடிக்கிறப்ப படகுக்குள்ளயே இருக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்துல பர்மிங்காம் பக்கம் கால்வாய்ல 57 அடி நேரோபோட்ல (ஒடுக்கமான கால்வாய்ப் படகு) தான் குடியிருக்கோம், நான், வீட்டுக்காரர், நாலு வயசு பொண்ணு. மேல பெயிண்ட் உரிஞ்சு துரு தெரியுது, முழுசா அடிக்க படகு ரிப்பேர் பண்ற யார்டுல விடப்போறோம், மூணு நாலு வாரம் ஆகும்னு சொல்றாங்க. அவ்ளோ நாள் வெளிய வாடகை குடுக்க முடியாது, உள்ளயே இருந்துக்கலாமா?
– வாசகி, பர்மிங்காம்

பதில்: முழுசா வெளிய போகவும் வேணாம்மா, முழுசா உள்ளயே இருக்கவும் கூடாது. முதல்ல யார்டுல ரெண்டு விஷயம் கேட்டுடுங்க: ராத்திரி தங்க விடுவாங்களா (இன்சூரன்ஸ் காரணமா நிறைய இடத்துல விடமாட்டாங்க), அப்புறம் என்ன பெயிண்ட்.

டூ-பேக் பாலியூரித்தேன் (ரெண்டு டப்பாவை கலந்து அடிக்கிற பெயிண்ட்)னு சொன்னா அந்த நாட்கள்ல யாருமே உள்ள இருக்கக் கூடாது. அதை இறுக வெக்க கலக்குற ஹார்டனர்ல ஐசோசயனேட்னு ஒரு கெமிக்கல் இருக்கு, ஸ்ப்ரே பண்றப்ப அது மூச்சுல போனா ஆஸ்துமா வரலாம், ஒரு தடவை உடம்புக்கு ஒத்துக்காம போயிட்டா அப்புறம் கொஞ்சூண்டு பட்டாலே இழுக்க ஆரம்பிச்சிடும். பிரஷ்ல அடிக்கிற சாதாரண எனாமல்னா பெரியவங்க சமாளிச்சுக்கலாம், ஆனா படகே 6 அடி 10 அங்குலம் அகலம் தான், தின்னர் வாடை உள்ள வந்துட்டா ஒதுங்கி உக்கார இன்னொரு ரூம் ஏது?

சாண்டிங் (பழைய பெயிண்டை தேய்க்கிறது) நடக்கிறப்ப பொண்ணை கண்டிப்பா வேற எங்கயாவது விடுங்க. பழைய படகுன்னா அடி அடுக்குல ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கலாம், அந்தத் தூசி மெத்தை, பொம்மை, பாத்திரம்னு எல்லாத்துலயும் படியும்.

எனக்கு ரொம்ப பயமா இருக்கிறது ஸ்டவ் (குளிருக்கு விறகு, கரி போட்டு எரிக்கிறது) விஷயம் தான். கூரை அடிக்க காளான் மாதிரி இருக்கிற காத்துக்குழாய் எல்லாத்தையும் கழட்டிடுவாங்க இல்ல டேப் ஒட்டி அடைச்சிடுவாங்க, புகைபோக்கியும் மூடியிருக்கும். சாயங்காலம் பெயிண்டர் கிளம்பினதும் குளிருதேன்னு ஸ்டவ் பத்தவெச்சா, இல்ல கேஸ் அடுப்பை ரொம்ப நேரம் எரியவிட்டா, கார்பன் மோனாக்சைடு உள்ளயே தேங்கும், அதுக்கு வாடையே கிடையாது. 2019 ஏப்ரல்ல இருந்து படகு சேஃப்டி சர்டிஃபிகேட்டுக்கே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம், உங்க கிட்டயும் இருக்கும், ஆனா அதை நம்பி அடுப்பு பத்தவெக்காதீங்க. ராத்திரி டேப்பை எடுக்காம யாரும் உள்ள படுக்கக் கூடாதுன்னு பெயிண்டர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க.

கூடவே அடிப்பக்கம் பிளாக்கிங்கும் (துரு பிடிக்காம அடிக்கிற கருப்புப் பூச்சு) பண்ண, தண்ணியை வடிச்சுட்டு படகை நிறுத்துற டிரை டாக்ல ஏத்துறாங்கன்னா இன்னொரு தொல்லை. சிங்க் தண்ணி நேரா டாக் தரையில, வேலை செய்றவங்க மேல கொட்டும். பெரும்பாலான நேரோபோட்ல என்ஜின் சூடு வெளித்தண்ணி வழியா தான் இறங்குது, தண்ணி இல்லாம ஓட்டி பேட்டரி சார்ஜ் பண்ண முடியாது, கரண்ட் லைன் யார்டுல இருந்து கேட்டு வாங்குங்க.

காசு தான் பிரச்சனைன்னா சாண்டிங்குக்கும் கடைசி கோட்டுக்கும் மட்டும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடுங்க, நடுவுல பிரைமர் காஞ்ச நாட்கள்ல திரும்பி வந்துக்கலாம். வேலையை மே, ஜூன்ல வெச்சுக்கங்க. பனி இறங்கறதுக்குள்ள பெயிண்ட் காயலன்னா பளபளப்பு மங்கிடும், திரும்ப தேச்சு அடிக்கணும், அதுக்கும் நாள் இழுக்கும். பின்கதவை காலைல முதல்ல அடிக்கச் சொல்லுங்க, இல்லன்னா ராத்திரி ஈரத்துல மூடி, மறுநாள் கதவு சட்டத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும்.