மூணாறு தலைப்பில் நிற்கிறேன், டீச்சர்

வாசகர் கேள்வி – பதில்
(பதில் எழுதுபவர் கும்பகோணத்தில் 31 ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியை)

கேள்வி: மதிப்பிற்குரிய டீச்சருக்கு வணக்கம். எனக்கு 21 வயது. நீடாமங்கலம் பக்கம் ஒரு சிற்றூர். அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி, இரண்டிலும் தமிழ்வழிதான். பி.எஸ்சி. கணிதம் கடைசிப் பரீட்சை எழுதி இரண்டு மாதம் ஆகிறது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பாவுக்குச் சொந்த நிலம் இல்லை, மூன்று ஏக்கர் குத்தகை. அம்மா நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறார். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. படிப்பு முடிந்ததும் அதுவும் நின்றுவிட்டது. இப்போது சோப்பு வாங்கவும் அம்மாவிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

தோழிகளில் ஒருத்தி பி.எட். சேரப்போகிறாள். ஒருத்தி ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள், என்னையும் கூப்பிடுகிறாள். ஒருத்திக்கு ஆவணியில் கல்யாணம். பேராசிரியர் எம்.எஸ்சி. படி என்கிறார். அப்பா குரூப் 4 எழுது என்கிறார். எங்கள் ஊருக்குப் பக்கத்து மூணாறு தலைப்பில் ஒரே ஆறு மூன்றாகப் பிரியும். அங்கே நிற்பதுபோல் இருக்கிறது எனக்கு. ஒன்றில் இறங்கிவிட்டால் மற்றதற்குத் திரும்ப முடியாதே என்று பயம். இரவு இரண்டு, மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறேன், நெஞ்சு படபடக்கிறது. 'அடுத்து என்ன?' என்று கேட்பார்களே என்று குழாயடிக்குக்கூடப் போவதில்லை, தங்கைதான் தண்ணீர் பிடித்து வருகிறாள். பிளஸ் டூ முடித்த கோடையில் இல்லம் தேடிக் கல்வியில் எட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்போது இந்தப் பயமெல்லாம் எனக்கு இல்லை. நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: மகளே, உன்னை 'நீ' என்றே எழுதுகிறேன், வகுப்பறைப் பழக்கம். உன் கடிதம் நான்கு பக்கம், இங்கே சுருக்கித்தான் வந்திருக்கிறது. பக்கம் பக்கமாக எழுத்தை நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறாய். அந்த எட்டுப் பிள்ளைகள் வரும் இடத்தில் மட்டும் எழுத்து பெரிதாகியிருக்கிறது. ஒரு பிள்ளையின் பெயரை எழுதி, வேண்டாம் என்று அடித்தும் இருக்கிறாய். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1985இல் நானும் இதே பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் திருப்பனந்தாள் பக்கம். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். எந்தக் கடிதத்தை எதிர்பார்த்து ஓடினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் எதற்கும் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து ஒவ்வொரு ஜூன் மாதமும், எங்கே போக வேண்டும், எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் வந்தது, யாரும் எதுவும் சொல்லவில்லை. உன் நெஞ்சு படபடப்பதும் பெரும்பாலும் இதனால்தான் என்று நினைக்கிறேன். உனக்குத் திறமை இல்லை என்பதற்கு அது சான்று இல்லை.

ஐப்பசி அடைமழையில் அப்பா என்னைக் கும்பகோணத்தில் ஒரு வெற்றிலை மண்டியில் கணக்கு எழுதச் சேர்த்துவிட்டார். மாதம் 250 ரூபாய். பட்டம் வாங்கிவிட்டுக் கவுளிக் கணக்கு, அதாவது வெற்றிலைக் கட்டுக் கணக்கு, எழுதுவதா என்று முதல் வாரம் முழுவதும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். எட்டு மாதம் அங்கே இருந்தேன். வாழ்க்கைக்கு வழி அங்கேதான் தெரிந்தது என்று சொன்னால் பொய். ஆனால் இரவில் தூங்கினேன். அடுத்த ஜூனில் எம்.எஸ்சி. விண்ணப்பத்துக்கும் முதல் கட்டணத்துக்கும் என் கைப்பணத்தையே கட்டினேன். அந்த ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன்.

நீ கணிதம் படித்தவள் என்பதால் இதையும் சொல்கிறேன். கும்பகோணத்தில் எந்தக் கல்லூரி விழாவிலும் இராமானுஜனைப் பேசாமல் விடமாட்டார்கள். நோட்டுப் புத்தகங்களைச் சொல்வார்கள், கேம்பிரிட்ஜைச் சொல்வார்கள், நடுவில் உள்ள ஆண்டுகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். 1904இல் உதவித்தொகையோடு இங்கே அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறி அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் எஃப்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைத் தேர்விலும் தேறவில்லை. 1912 மார்ச்சில்தான் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. எட்டு ஆண்டு! அந்த ஆண்டுகளில் வறுமையும் நோயும் அவரைப் படுத்தின. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. நீ அவரைப் போல ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்த 30 ரூபாய் வேலையில் உட்கார்ந்த பிறகுதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டிக்குக் கடிதம் போனது, அதை மட்டும் கவனி.

இனி உன் மூணாறு தலைப்பு. பெரிய வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது, சரி. ஆனால் அங்கே ஷட்டர்கள் இருக்கின்றனவே, அவை உன் கண்ணில் படவில்லையா? மேட்டூரில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் என்ன செய்கிறார்கள் என்று உன் அப்பாவைக் கேள். காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைத்து விடுவார்கள். இன்றைக்கு மூடிய மதகு அடுத்த முறையில் திறக்கும். உன் கையில் இப்போது பணமும் குறைவு, தெம்பும் குறைவு. வாழ்நாள் முழுவதையும் இந்த ஆனி மாதத்தில் தீர்மானிக்கப் பார்க்காதே. இப்போதிலிருந்து தைப்பொங்கல் வரை ஒரு முறை என்று வைத்துக்கொள். அதற்கு மட்டும் முடிவெடு.

நானாக இருந்தால் இந்த முறையில் காலை நேரத்தைக் குரூப் 4க்குக் கொடுப்பேன். அப்பா சொன்னதில் பொருள் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தகுதித் தேர்வுதானே என்று ஒதுக்காதே. 200 வினா, 300 மதிப்பெண், பாதி தமிழ், நேர்காணல் கிடையாது. திறனறிவுப் பகுதியின் 25 வினாக்கள் உனக்கு வெல்லம். ஆனால் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள், எனவே தமிழை அலட்சியம் செய்யாதே. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்ததற்கான சான்று வேண்டும். இந்த வாரமே தொடக்கப்பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் கேள். கடைசி நாளில் ஓடிவந்து அழுத மாணவிகளை எனக்குத் தெரியும். பயிற்சிக்கு யாரிடமும் ஆயிரக்கணக்கில் கட்டாதே. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடக்கிறது. போகும்போது பட்டத்தையும் அங்கே பதிவு செய்துவிடு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். இந்தத் தேர்வை இத்தனை முறைதான் எழுதுவேன் என்று இப்போதே எண்ணிக்கை வைத்துக்கொள். நான் இரண்டு என்பேன். நூலகத்தில் ஆறு ஆண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அவர்கள் மக்குகள் அல்லர், நிறுத்தும் நாளை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மாலையில் உன் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடு. பத்துப் பிள்ளை, தலைக்கு 150 ரூபாய் என்றாலும், நின்றுபோன அந்த ஆயிரத்துக்கு மேலேயே வரும். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதன் பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு, அதில் தேறினாலும் தனியே ஒரு நியமனத் தேர்வு. அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பு வேண்டும். வகுத்தல் கணக்கில் பத்தாவது தடவையும் தவறு செய்யும் பிள்ளையிடம் உனக்குப் பொறுமை மிஞ்சுகிறதா என்று இந்தத் திண்ணையிலேயே தெரிந்துவிடும். உன் கடிதத்தில் எழுத்து பெரிதான இடத்தைப் பார்த்தால் மிஞ்சும் என்றுதான் எனக்குப் படுகிறது.

எம்.எஸ்சி. எங்கும் ஓடிவிடாது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர ஆசை என்றால் இந்த ஆண்டு நுழைவுத்தேர்வு முடிந்துவிட்டது. அடுத்ததற்கு வழக்கமாக மார்கழி, தை வாக்கில் விண்ணப்பம் வரும், உன் முறை முடிகிற நேரம் அது. ஓசூர் வேலையில் கேவலம் எதுவும் இல்லை, வீட்டுக்குப் பணம் அவசரம் என்றால் தாராளமாகப் போ. போவதற்கு முன் தோழியிடம் நான்கு கேள்வி கேள்: பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வருகிறது, மாதத்தில் எத்தனை இரவு ஷிப்ட், விடுதியில் ஓர் அறையில் எத்தனை பேர், இடையில் விலகினால் என்ன. முன்பணம் கேட்கும் எந்த ஆளிடமும் போகாதே. அசல் சான்றிதழை யார் கேட்டாலும் விட்டுவிட்டு வராதே, நகல் மட்டும் கொடு.

இதையெல்லாம் அப்பாவிடம் தேதி போட்டுச் சொல். "பொங்கல் வரை இப்படி, அதன் பிறகு உட்கார்ந்து பேசுவோம், அதுவரை வரன் பேச்சு வேண்டாம்" என்று சொல்லி, வீட்டுக் காலண்டரில் அந்த நாளை வட்டமிடு. குத்தகைக்கு நிலம் பிடிப்பவருக்குத் தவணைப் பேச்சு புரியும்.

தூக்கம் மட்டும் இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் சீராகாவிட்டால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார், வெட்கப்படாதே. வீட்டிலிருந்தே பேச வேண்டுமானால் 14416 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. நாளையிலிருந்து குழாயடிக்கு நீயே போ. தங்கை பாவம்.

கேள்வி: நான் முத்துப்பேட்டை பக்கம் தென்னை விவசாயி. 2018 கஜா புயலில் தோப்பு முழுவதும் சாய்ந்தது. அதற்குப் பிறகும் கல்விக்கடன் வாங்கிப் பையனைப் பொறியியல் படிக்கவைத்தேன். முடித்து ஓராண்டு தாண்டியும் வேலை இல்லை. அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான், வாயைத் திறந்தால் எரிந்து விழுகிறான். வங்கியிலிருந்து கடிதம் வருகிறது. திட்டுவது தவறா டீச்சர்?

பதில்: ஐயா, புயல் அடித்த காலத்தில் என் மாணவிகள் பலரின் வீட்டுத் தோப்புகள் போயின. அதன் பிறகும் பிள்ளையைப் படிக்கவைத்தீர்களே, உங்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் திட்டுவதை நிறுத்துங்கள். வங்கிக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் அவன் படித்திருப்பான். கதவைச் சாத்திக்கொள்வதற்கு அந்தக் கடிதமே காரணமாக இருக்கலாம்.

படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் கழிந்துதான் கல்விக்கடன் தவணை தொடங்கும் என்பது பொதுவான ஏற்பாடு. உங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது, அதனால்தான் கடிதம். இருவரும் சேர்ந்து கிளை மேலாளரைப் பாருங்கள். வேலை இல்லை என்று எழுதிக்கொடுத்து, தவணையைத் தள்ளி வைக்கவோ குறைக்கவோ கேளுங்கள். போகாமல் இருந்தாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். அவனைக் கூட அழைத்துப் போவது முக்கியம். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எண்ணாகத் தெரிந்துவிட்டால் பயம் ஓர் அளவுக்குள் வந்துவிடும். தெரியாத வரையில், உங்களைத் தானே அழித்துவிட்டதாகவே அவன் நினைத்துக்கொண்டிருப்பான்.

வேலை பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் கேட்காதீர்கள். தோப்பில் புதிதாக வைத்த கன்றுகளுக்குத் தண்ணீர் கட்ட ஒரு கை வேண்டும் என்று கூப்பிடுங்கள், பேச்சு வேலையின் நடுவில் தானாக வரும். அவன் சாப்பிடாமலே கிடந்தாலோ, 'நான் இருந்து என்ன பயன்' என்கிற மாதிரி ஒரு சொல் வந்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். நான் ஒருமுறை ஒரு மாணவியின் சொல்லை அப்படித் தள்ளினேன். அவள் பிழைத்துவிட்டாள், இன்று நன்றாக இருக்கிறாள், ஆனாலும் அந்த ஒரு நாள் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: எம்.ஏ. வரலாறு முடித்தவன், 27 வயது, மயிலாடுதுறை. காலையில் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், மாலையில் மாமாவின் உரக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். அடுத்த மாதம் அக்காள் மகள் திருமணம். எல்லோரும் என்ன செய்கிறாய் என்று கேட்பார்கள். போகாமல் இருந்துவிடலாமா?

பதில்: தாய்மாமன் போகாமல் அந்தக் கல்யாணம் எப்படி நடக்கும் தம்பி? மாலையும் சீரும் நீங்கள்தானே எடுத்துப் போக வேண்டும்? கேட்பவர்களுக்கு, எனக்கு எழுதிய அதே வாக்கியத்தைச் சொல்லுங்கள்: காலையில் படிக்கிறேன், மாலையில் கடைக்கணக்கு பார்க்கிறேன். அதில் ஒளிக்க எதுவும் இல்லை. 'ஒன்றும் செய்யவில்லை' என்று நீங்களே தொடங்கினால்தான் கேள்வி நீளும். முகூர்த்தம் முடிந்ததும் பந்தியில் பரிமாற நில்லுங்கள், கையில் சாம்பார் வாளியோடு நிற்பவரை யாரும் அதிக நேரம் நிறுத்திவைத்துப் பேசமாட்டார்கள். போய்வந்து எனக்கு எழுதுங்கள், யார் யார் என்ன கேட்டார்கள் என்று.